காவலாளியின் கவிதை நோட்டு

எழுபதுகளில் ஆந்திர எல்லையில் உள்ள பலமனேர் மார்க்கெட்டில் நான் தக்காளிக் கூடை சுமந்தபோது, அங்கே ஒரு காவலாளி இருந்தார். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு. வறண்ட கிணறு, மழை, கூலிப் பெண்கள் என்று தமிழில் கவிதை கட்டுவார். படித்தது தெலுங்குப் பள்ளி. அதனால் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார். தெலுங்கர்களுக்கு அது புரியாது, தமிழர்களுக்குப் படிக்க வராது.

“மெட்ராஸ் பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிட்டான், நைனா. உனக்குத் தமிழ் எழுத வருமா?”

“மூணாவது வரைக்கும்தான் படிச்சேன்.”

“எனக்கு அதுவும் இல்லியே. எழுது.”

அவர் சொல்லச் சொல்ல, கிணற்றுக் கவிதையைத் தப்பும் தவறுமாக எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என் பேரு எங்க கீது?”

காட்டினேன். அதன்மேல் வைத்த விரலை வெகுநேரம் அவர் எடுக்கவில்லை.

நோட்டில் இன்னும் நூறு கவிதையாவது இருந்திருக்கும். மறுநாள் நான் வேலூர் லாரியில் ஏறிவிட்டேன்; பிறகு திரும்பிப் போகவே இல்லை.