என் இடக்கைக்கு ஓர் ஆணி கன்

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்த ஒரு காலை நேரம். படங்களுக்குச் சட்டம் போடும் கடை எனக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு நானேதான் நடத்துகிறேன். நான் போட்ட சட்டம் மூலை விட்டது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அன்று மேசையில் இருந்தது சுந்தரபாண்டியபுரத்துப் பெண் ஒருத்தி கொடுத்த படம். அவள் புருஷனுக்கு மறுநாள் பதினாறாம் நாள் காரியம். ஓரத்தில் அவரே கையெழுத்துப் போட்ட படம், வேறு கிடையாது. கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் மெல்லிய சட்டம் வைத்து அடிக்கப் போகும்போது துப்பாக்கி போல விசையை அழுத்தி ஆணி அடிக்கும் என் ஆணி கன் நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சுத்தியலால் தட்டினால் கண்ணாடி தாங்காது.

பஜாரில் கடைக்காரர், காற்றில் ஓடும் கன் ஒன்றை எடுத்து வைத்தார். ஆசாரிமார் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். நான் இடக்கைக்காரி. இந்த மாதிரி கன் பக்கவாட்டில் காற்றோடு எண்ணெயும் சேர்த்து ஊதும். வலக்கையில் பிடித்தால் அது வெளியே போகும், என் கையில் நேரே படத்துக்கு வரும். படத்தின் முதுகில் ஒரு துளி விழுந்தாலும் முகத்தில் கறை தெரியும். அடித்துப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றேன். பெட்டியைப் பிரித்துவிட்டால் பிறகு யார் வாங்குவார்கள் என்று அவர் மறுத்தார்.

"வலது கையில பிடிச்சுப் பழகுங்களேன் ஆச்சி."

"சின்னதுல எங்கம்மா சூடு போட்டே மாறாத கை தம்பி இது. நீங்க கன்ன மாத்துங்க."

எனக்குப் பின்னால், குத்துக்கல்வலசையில் வீடு கட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் நனைந்த சட்டையோடு நின்றார். முன்பின் தெரியாதவர்.

"பிரிச்சுக் குடுங்க அண்ணாச்சி. ஆச்சிக்கு எது ஆகலையோ அத நான் எடுத்துக்கிடுதேன்."

கொண்டு போயிருந்த வெள்ளைத் தாளைப் பக்கத்தில் விரித்து, கட்டையில் அடித்தேன். தாளில் கடுகு சிதறினாற்போல எண்ணெய்ப் பொட்டு. அடுத்து பேட்டரியில் ஓடும் கன். தாள் வெள்ளையாகவே இருந்தது. கொஞ்சம் கனம்தான், ஆனால் மேசை மேல் வைத்து அடிக்கிற வேலைக்குக் கனம் ஒரு குறையில்லை. அதையே எடுத்தேன்.

அந்த மனிதர் கதவுக்குக் கீல் மட்டும் வாங்க வந்தவர் என்பது பில் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "எனக்காக இத வாங்க வேண்டாம் தம்பி" என்று பதறிப்போய்ச் சொன்னேன். "கதவுல எண்ணெய் பட்டா கறையான் வராது ஆச்சி" என்று சிரித்துவிட்டு, கீலோடு நான் வேண்டாமென்ற கன்னையும் தூக்கிக்கொண்டு சாரலில் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் படத்தை வாங்கி, கையெழுத்தின் மேல் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் என் கடையில் யாராவது எந்தச் சட்டம் என்று தெரியாமல் தயங்கி நின்றால், "அறுத்து வச்சுப் பாத்துருவோம், பிடிக்கலைன்னா எனக்கே இருக்கட்டும்" என்று முதலில் நான்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த நனைந்த சட்டை கண்ணில் தெரிகிறது.