நீலம் பட்ட பேண்டேஜ் துணி

போன வாரம் ஊசி போடுவதற்கு முன் நர்ஸம்மா ஸ்பிரிட் பஞ்சால் என் கையைத் துடைத்தார். வாசனை ஏறியதும், பஞ்சில் நீலம் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். "என்ன சார் பாக்கீங்க?" என்றார். என்னவென்று சொல்வது!

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு அழிரப்பர். நினைப்பு மட்டும் பெரிய இன்ஜினியர் நினைப்பு. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பஞ்சுதான். மில் ஊரில் வேறென்ன இருக்கும்? உள்ளே மெமரிக்கென்று ராம் இருக்குமே, விரல் நீளப் பச்சை அட்டை, அது அப்போது பவுன் மாதிரி. நல்லதை உருவிக்கொண்டு செத்ததைச் சொருகிவிடும் ஆட்களும் இருந்தார்கள். அதனால் எங்களைக் கூப்பிட்டவர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்கள்.

பேண்டேஜ் கம்பெனி வைத்திருந்த பாய் இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர். தன் மெஷினில் இருந்த இரண்டு ராமிலும் நீல மார்க்கரால் கையெழுத்துப் போட வைத்திருந்தார். போட்டவள் செல்வி. அங்கே பில் அடிக்கிறவள், மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கம்ப்யூட்டர் பெட்டிச் சாவியும் அவளிடம்தான்.

ஒருநாள் அந்த மெஷின் திரையில் ஒன்றும் காட்டாமல் கூவிக்கொண்டே இருந்தது. பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார், செல்வி பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். ராமைக் கழற்றினேன். அதன் ஓரத்து அழுக்கைத் தேய்த்தெடுக்கும் ரப்பரை அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் ஸ்பிரிட்டும் பேண்டேஜ் துணியும் இருந்தன. அழுத்தித் துடைத்ததில் ஒன்றின் கையெழுத்து அழிந்துபோனது. பார்த்தேன். துணியைச் சுருட்டி மேசைக்கடியில் தள்ளினேன்.

மாட்டிப் போட்டதும் கூவல் நின்றது. கறுப்புத் திரையில் டிக் டிக்கென்று மெமரியை எண்ண ஆரம்பித்தது. இரண்டு ராமுக்கும் சேர்த்துப் பதினாறு வரவேண்டியது எட்டிலேயே நின்றுவிட்டது. அதற்குள் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். பாய் ராமைக் கழற்றச் சொல்லிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இதுல கையெழுத்து எங்க? மாத்திட்டியா?"

திருடன் என்று ஒருவர் சொன்னால் போதும், ஊரில் எவனும் என்னை வாசல் ஏற்றமாட்டான்.

"நான் கழட்டும்போதே இல்ல பாய்" என்றேன்.

பாய் செல்வி பக்கம் திரும்பினார். "சாவி ஒங்கிட்டதான இருக்கு? யாருக்குத் தொறந்து விட்ட?"

"இந்த அண்ணனத் தவிர யாருக்கும் தொறக்கல பாய். சத்தியமா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. கையெழுத்தை அழித்தவனே நான். எனக்கே ஒரு நிமிடம் அவள் மேல் சந்தேகம் வந்தது. மனசு எவ்வளவு கெட்டது பாருங்கள்.

ஏதாவது செய்யவேண்டுமே என்று பெட்டிக்குள் டார்ச் அடித்தேன். ராம் சொருகும் பள்ளத்தில் ஒரு வெள்ளை நூல். நான் துடைத்த துணியின் நூல்தான். அதை எடுத்துவிட்டு ராமை மாட்டிப் போட்டதும் பதினாறும் எண்ணி முடித்தது.

"எண்ணிக்கை சரியா இருந்தாச் சரி" என்று சிரித்த பாய், டீ சொல்லப் போனார். செல்வி குனிந்து மேசைக்கடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். பிரித்து, நீலத்தைப் பார்த்து, மறுபடி மடித்து என் ஸ்குரு டிரைவர் பக்கத்தில் வைத்தாள். டீ வந்தது.

"குடிங்கண்ணே, ஆறிரும்" என்றாள். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள். மம்சாபுரம் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு நாள் போய் நின்றேன், வெட்கத்தில் பஸ் ஏறவில்லை.

இப்போது கம்ப்யூட்டரைப் போட்டால் நேரே படம் வந்துவிடுகிறது, டிக் டிக்கென்று எண்ணுவதெல்லாம் போயிற்று. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பாயும் இல்லை. இருந்தவரை என்னைத்தான் கூப்பிடுவார், நாற்காலி போட்டு உட்காரக்கூட மாட்டார். செல்வி பேச்சு வந்தால் மட்டும், "அந்தப் புள்ள மேல எனக்கு இன்னும் சந்தேகந்தான்" என்பார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன்.