டைரியில் எழுதிய ‘இல்லை’

திருவரங்குளம் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தேர்தல் வந்தால் எங்களுக்கும் டியூட்டி வரும். அந்தத் தடவை என்னை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். மாவட்டத்தின் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம்.

தேர்தலுக்கு முதல் நாள் மத்தியானம் ஓட்டு மெஷின்களோடு வேனில் போனோம். என்னோடு மூன்று அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து கொஞ்ச தூரம் போனதும் தார் ரோடு நின்றுவிட்டது. எதிரே ஒரு வாரி. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் பெரிய ஓடை அது. அப்போது காய்ந்து கிடந்தது. அதில் இருந்த தரைப்பாலம் உடைந்து, சிமெண்டுக் குழாய்கள் மணலுக்குள் சாய்ந்து கிடந்தன. டிரைவர் வேனை ஓடைக்குள் இறக்கி மெதுவாக அக்கரை ஏற்றினார்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். பாலம் கட்டும்வரை ஊரில் யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று எழுதியிருந்தது. போலீஸ்காரர் அதை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் வைத்தார். யாரும் தடுக்க வரவில்லை.

அந்தப் பள்ளியின் சத்துணவு சமையல்கார அம்மாதான் எங்களுக்குச் சாப்பாடு செய்வதாக ஏற்பாடு. ஐம்பது வயது இருக்கும். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“நாளைக்கு யாரும் வர மாட்டாங்க டீச்சர். சும்மாதான் உக்காந்திருக்கணும். சோறு மட்டும் நான் கொண்டாருவேன்.”

“நீங்க போட மாட்டீங்களாக்கா?”

“ஊரோடதானே நானும்.”

மறுநாள் விடியும்போதே மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். கட்சி ஏஜெண்டுகள் முன்னால் நடத்த வேண்டியது. ஒரு கட்சிக்கும் ஏஜெண்ட் வரவில்லை. நாங்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் பட்டனை அமுக்கி, ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, அழித்தோம். பிறகு சீல் வைத்தோம். அந்த மெஷினில் அன்று விழுந்த ஓட்டு அவ்வளவுதான்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். வாசல் காலியாக இருந்தது. வெயிலுக்கு ஒரு ஆடு வராந்தாவில் ஏறிப் படுத்தது. மை வைக்கும் அலுவலர் பாட்டிலைத் திறந்து குச்சியை நனைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மண்டல அலுவலர் போன் செய்து எண்ணிக்கை கேட்டார்.

“எத்தனை?”

“பூஜ்யம் சார்.”

“ஆம்பளை, பொம்பளை தனித்தனியாச் சொல்லுங்க.”

“ஆண் பூஜ்யம், பெண் பூஜ்யம்.”

பதினோரு மணிக்கும் அதே கேள்வி, அதே பதில். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

மத்தியானம் அந்த அம்மா சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தார். பரிமாறிக்கொண்டே, நான் கேட்காமலே, வீட்டுக்காரர் செத்த கதையைச் சொன்னார். யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. போன கார்த்திகை மழையில் அவருக்கு நெஞ்சு வலி. போன் செய்ததும் நூற்றியெட்டு வந்துவிட்டது. ஆனால் அக்கரையில் நின்றது. வாரியில் இடுப்பளவுத் தண்ணீர்.

“லைட்டு சுத்திக்கிட்டே நிக்கிது டீச்சர். கண்ணுக்கு எதுக்க நிக்கிது. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்கிக்கிட்டு எறங்குனாங்க. பாதித் தண்ணியில என் கையைப் புடிச்சாரு. வண்டியில ஏத்துறப்ப புடி விட்டுப்போச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் மறித்தேன். அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பாலம் கேட்டு அவர் கொடுத்த மனுவுக்கு வந்த மெசேஜ். ‘தங்கள் மனு ஏற்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.’ ஒன்றல்ல, அதே வரி மூன்று தடவை வந்திருந்தது. நான் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். கை கழுவப் போனேன்.

இரண்டு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. மேலதிகாரி ஒருவர் இறங்கினார். ஊர்க்காரர்கள் தண்ணீர்த் தொட்டியடியில் கூடினார்கள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

“தேர்தல் முடியட்டும், கண்டிப்பாப் பாலம் வரும்” என்றார் அதிகாரி.

“அதை எழுதிக் குடுங்க சார், இப்பவே வந்து போடுறோம்” என்றார் ஒரு பெரியவர்.

“நடத்தை விதி இருக்குய்யா. தேர்தல் நேரத்துல எழுதித் தர முடியாது.”

“தேர்தல் இல்லாத நேரத்துல வந்தா ஒங்களைப் பாக்க முடியலையே சார்.”

யாரும் கத்தவில்லை. அரை மணி நேரத்தில் பேச்சு ஓய்ந்து ஆட்கள் கலைந்தார்கள். அதிகாரி பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். கிணற்றடியில் அந்த அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என் மேஜையிலிருந்து பத்தடி தூரம்.

“ஏம்மா, நீ அரசாங்கச் சம்பளம்தானே வாங்குற?”

“ஆமாங்க.”

“வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடாம இருந்தா என்ன அர்த்தம்? ஒரு ஓட்டு விழுந்தாக்கூடப் போதும், மேல கணக்குச் சொல்லிருவேன். போயிப் போடு. இல்லைன்னா ஸ்கூல் தொறக்குறப்ப ஒனக்கு இங்க வேலை இருக்காது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்கம்தான்.

அவர் ஜீப்பில் போய் உட்கார்ந்து காத்திருந்தார். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். வாக்காளர் சீட்டு இடுப்பில் செருகியிருந்தது.

“உள்ள வந்துட்டா அமுக்கித்தான் ஆகணுமா டீச்சர்?”

“இல்லக்கா. பேரைச் சரிபார்த்து, மை வச்சு, கையெழுத்துப் போட்ட பிறகுகூட வேணாம்னு சொல்லலாம். வாக்களிக்க மறுத்தார்னு நான் எழுதிக்குவேன். அதுக்கு விதி இருக்கு.”

“மை வப்பீங்களா?”

“மை வைக்கணும்.”

விரலை நீட்டிப் பார்த்தார். மீன் குழம்பின் மஞ்சள் நகக்கண்ணில் இருந்தது. வெளியே தொட்டியடியில் நாலைந்து பெண்கள் நின்று இங்கிட்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த மையோட நான் எப்புடி அங்கிட்டுப் போவேன்?” என்றார். விரலை மடக்கிக்கொண்டார். “வேணாம் டீச்சர். நான் வரலைன்னே இருக்கட்டும்.”

ஜீப்பைத் தாண்டி நடந்து போய் அந்தப் பெண்களோடு நின்றுகொண்டார். ஜீப் கிளம்பிப் போனது.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவை முடித்தேன். தலைமை அலுவலர் டைரி என்று ஒன்று உண்டு. அதில் கேள்விகள் வரிசையாக இருக்கும். வாக்காளர்களை யாராவது மிரட்டினார்களா, வற்புறுத்தினார்களா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். பேனா நிற்கவே இல்லை. அடுத்த கேள்விக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. வாக்குப்பதிவு அமைதியாக நடைபெற்றது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்புகூட அப்போது வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. என் நம்பரை எங்கேயோ வாங்கியிருக்கிறார்.

“டீச்சர், என்னைத் தூக்கி வேற ஸ்கூலுக்குப் போட்டாங்க. நிர்வாகக் காரணமாம். வாரியைத் தாண்டி ரெண்டு பஸ் மாறணும். அன்னைக்கு அவரு சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சுக்கா.”

“அதை எழுதித் தருவீங்களா?”

“பாக்குறேன்க்கா” என்றேன்.

பதினைந்து நாள் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “நீ எழுதுன டைரிக்கு நீயே எதிரா எழுதப் போறியா? ஒனக்குத்தான் மெமோ வரும்” என்றார். சரிதான் என்று பட்டது. ஆனால் அந்த அம்மா மறுபடி போன் செய்யவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. ஒரு சனிக்கிழமை துணி காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். யார் எங்கே நின்றார்கள், அதிகாரி என்ன சொன்னார், நான் எத்தனை அடி தூரத்தில் இருந்தேன் என்பது மட்டும். அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போய், கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கும் வரிசையில் அந்த அம்மாவோடு நின்றேன். என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்களுமா?” என்றார்.

விசாரணைக்கு ஆடி மாதம் கூப்பிட்டார்கள். மின்விசிறி ஓடுகிற சின்ன அறை. விசாரித்தவர் என் கடிதத்தையும் டைரியின் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“மிரட்டல் இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்ப மிரட்டுனாருன்னும் நீங்கதான் சொல்றீங்க. இதுல எதும்மா பொய்?”

“டைரிதாங்க.”

அவர் தலை தூக்கிப் பார்த்தார். “தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதாங்க.”

தைரியம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. பரீட்சைத் தாளில் தப்பாகக் கூட்டிப் போட்ட மார்க்கை அடித்துத் திருத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். அந்த அம்மா என் டம்ளரையும் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். இன்னும் முடியவில்லை. அந்த அம்மாவைத் தை மாதம் பழைய பள்ளிக்கே திருப்பிப் போட்டார்கள். அதற்கும் நிர்வாகக் காரணம் என்றே ஆர்டரில் இருந்ததாம். அந்த அதிகாரிக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாலத்துக்கு மண் பரிசோதனை செய்ய ஒரு கூட்டம் வந்து, குழி தோண்டி, நான்கு குச்சி நட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இந்த ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“தண்ணி வந்துருச்சு டீச்சர். அந்தக் குச்சியெல்லாம் போயிருச்சு.”

“அடுத்த தேர்தலுக்கு என்னக்கா பண்ணுவீங்க?”

“தெரியலையே. போட்டும் பாத்தாச்சு, போடாமயும் பாத்தாச்சு. ஒங்களைத்தான் மறுபடி அனுப்புவாங்களா?”

“அனுப்ப மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

“சரி விடுங்க. ஊர்க்காரவுங்க இக்கரைக்கும் அக்கரைக்கும் வடம் கட்டியிருக்காங்க. மீன்புடி போட்டுக்குக் கட்டுற வடம், கெட்டியா இருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் அக்கரைப் பிள்ளைங்க வருதுங்க. பதினோரு பேரு வந்துருக்கு. முட்டை வேகுது, அப்பறம் பேசுறேன்.”