கல்வி மந்திரியிடம் வாய்தாவுக்கு வந்தவர்கள்

வக்கீல் மறப்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பதுதான் வக்கீல் குமாஸ்தாவின் தொழில். அந்த வக்கீல் மந்திரியாகிவிட்டால் என்ன பாடு என்பதை, கேஸ் கட்டுத் தூக்கிப் பழகிய குமாஸ்தாக்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நல்லேப்பிள்ளி ஊர்க்காரரான எங்கள் வக்கீலிடம், மலையாளச் சீமையில் உள்ள சித்தூர் கோர்ட்டில் பதினோரு வருஷம் நான்கு மாதம் இருந்தேன். ஐம்பதுகளில் அவர் திருக்கொச்சி ராஜ்யத்தின் கல்வி மந்திரியானபோது, மனுக்களைப் பார்த்துக்கொள்ள என்னையும் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

ஒன்பது கேள்விகள்

வந்தவரிடம் சிரித்து, மனுவை வாங்கி, கும்பிட்டு அனுப்பத் தெரியாத மந்திரி அவர். கூண்டில் ஏறிய சாட்சியைப் போல நிறுத்திவைத்துக் கேட்பார். பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்துவிட்டது என்று எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். "விழுந்ததைக் கண்ணால பாத்தீங்களா? அப்ப மணி என்னங்க? நீங்க எங்க நின்னீங்க?" ஒன்பதாவது கேள்வியில், அந்த நேரம் தான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததை மனிதர் ஒப்புக்கொண்டார்.

கூரைக்கு உத்தரவு அன்றே கிடைத்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்தவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க ராவுத்தரே, கூரையத் தள்ளிவிட்டதே நாந்தான்னு ஒத்துக்கிட்டு வந்துட்டேனுங்களா?"

ஏழு பேர்

கோர்ட் பழக்கம் எனக்கும் போகவில்லை. மனு கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் காகிதம் மறுபடி மந்திரி மேசைக்கு வரும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பிழை என்னுடையது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு நாள் பயணம். முன்னால் முத்துப்பேச்சி என்ற கொழுந்து பறிக்கும் அம்மாள், பின்னால் அவர்கள் கங்காணி. தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று மனு கொடுத்தவர்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளிக்கூடம். தோட்டத்துப் பட்டியலில் இருபத்திரண்டுதான் என்று இலாகா மறுத்திருந்தது. இவர்களை வரச் சொன்னது யார் என்று செயலாளர் சத்தம் போட்டார். நான் எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் முத்துப்பேச்சி பதில் சொல்லிவிட்டாள்: "வாய்தாவுக்கு வரலைன்னா கேஸு தள்ளுபடியாயிரும்லய்யா? அதான் சாட்சியோட வந்துட்டோம்."

நேரில் பார்ப்பது

சத்தம் கேட்டு வெளியே வந்த மந்திரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாசலிலேயே விசாரணை ஆரம்பித்தது. கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகையில் இருந்த பள்ளி வயதுப் பிள்ளைகளை மட்டும் தோட்டத்துக் கிளார்க் எண்ணியிருக்கிறார். பெரிய பிள்ளைகள் அந்த நேரத்தில் விறகு பொறுக்கப் போயிருந்தார்கள் என்று தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை நானே வர்றனுங்க. நாப்பது பேரு நின்னா அங்கியே கையெழுத்து. இல்லீனா இந்த வருசம் கேக்கக் கூடாது" என்றார். மந்திரி போய்ப் பிள்ளைகளை எண்ணும் வழக்கம் இல்லை என்று செயலாளர் தயங்கினார். மந்திரி சொன்னார்: "நான் எண்ணறன்னு யாருங்க சொன்னாங்க? அதுக்குத்தான் ராவுத்தரு இருக்காரு."

முப்பத்தாறு

ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் முப்பத்தாறு. தோட்டத்துக் கிளார்க் புன்னகை செய்தார். கங்காணி என் காதருகே வந்து, "நாப்பதுன்னு போட்டுருங்கய்யா, இந்த மலையில யாரு வந்து திருப்பி எண்ணப் போறா?" என்றார். என்னால் முடியவில்லை. முப்பத்தாறு என்றே எழுதிக் கொடுத்தேன். மந்திரி படித்தார்; பேனாவை மூடினார்.

முத்துப்பேச்சி நேராக என்னிடம் வந்தாள். "பொம்பளைக நிக்கிற பக்கம் பாத்தீகளா?" பார்க்கவில்லை. பெண்கள் நிற்கும் இடத்தில் நான் தலை நிமிர்ந்தவன் இல்லை. இடுப்பில் குழந்தை இருந்தால் தாயார் என்று ஓரக்கண்ணாலேயே முடிவுசெய்து தாண்டிவிட்டேன். அவள் அந்தக் கூட்டத்துக்குள் போய் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எட்டு வயது, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள். இடுப்பில் இருந்தவை தம்பி தங்கைகள். ஐந்து பேர்.

முப்பத்தாறை அடித்து, நாற்பத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டேன். ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து மந்திரி உத்தரவில் கையெழுத்திட்டார். இடுப்புக் குழந்தைகள் தாயார்களிடம் போய்ச் சேர்ந்தன. முத்துப்பேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "பொய்க் கணக்கு எழுதாத மனுசன்தான், நல்லாயிருங்க. ஆனா உங்க வெக்கத்துல எங்க பள்ளிக்கூடமே போயிருக்குமேய்யா!"

எங்கள் வக்கீலின் மந்திரி பதவி பதினெட்டு மாதம் இருந்தது, அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது, பெண்கள் நிற்கும் பக்கம் நிமிர்ந்து பார்க்க மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.