லென்ஸில் ஒட்டிய மஞ்சள்

கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளன். மொட்டை மாடிக் கருவிகளைத் துடைப்பது என் வேலை. மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஆராய்ச்சி மாணவி அங்கே ஒரு சோலார் செல்லைச் சோதித்துவந்தார். செல் சுண்டுவிரல் நகத்தளவுதான். அதற்கு மேலே இருக்கும் உள்ளங்கை அகல லென்ஸ், வெயிலைக் குவித்து அதன்மேல் விழவைக்கும்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் எல்லாக் கருவிகளுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். லென்ஸையும் விடவில்லை. விடுமுறை முடிந்து வந்ததும் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டேன்.

அன்று செல்லிலிருந்து மின்சாரம் குறைவாகவே வந்தது.

“செல்லு போயிடுச்சிண்ணே. ரெண்டு வருஷ வேலை. கைடு சாருக்கு எழுதிடறேன்,” என்று அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

அங்கே நான் ‘சரி’ என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. “லென்ஸுல மஞ்சள் வெச்சேம்மா. தொடச்சிட்டேன்,” என்றேன்.

அவர் லென்ஸைக் கழற்றி வெள்ளைத்தாள்மேல் வைத்தார். தாள் லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. செல்லுக்குள் மூன்று அடுக்குகளாம். மேலடுக்குக்கு நீல வெளிச்சம் வேண்டுமாம். மஞ்சள் அதை மறித்துவிடுமாம். ஓர் அடுக்கு குறைவாகத் தந்தால், மற்ற இரண்டாலும் அதற்குமேல் தர முடியாதாம்.

சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினோம். பழைய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. கடற்காற்றில் படிந்திருந்த உப்பும் போயிருந்தது.

அவர் லேப்டாப்பை மூடினார். “வேற எதுக்கெல்லாம்ணே வெச்சீங்க?”

“கீழ நிக்கிற உங்க ஸ்கூட்டருக்கும்.”

“அது ஓடுது. இருக்கட்டும்.”