வெயிலில் பரப்பிய கன்றுகள்

செவ்வாய்க்கிழமை காலை தாயில்பட்டியிலிருந்து முத்துமாரி போன் செய்தார். "சார், நம்ம டீச்சரம்மா போயிட்டாக. செடிக்குத் தண்ணி விட்டுட்டுத்தான் வாரேன். விடாம வந்தா அதுக்கும் வைவாக." பேராசிரியை கோமதி அவர்கள் மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

எங்கள் கல்லூரியில் நான் தமிழ்த்துறை, அவர் தாவரவியல். மழை பெய்யாததையே மூலதனமாகக் கொண்டு பட்டாசுத் தொழில் செழிக்கும் வட்டாரத்தில், பயிர் வளர்ப்பது ஏறக்குறையத் தொழில் விரோதம். அவர் மாதுளையின் நுனித் திசுவைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்து, வறட்சி தாங்கும் கன்றுகளைத் தேடினார். ஆய்வகத்தைப் பார்க்க வந்த பட்டாசு முதலாளி ஒருவர், "ஊறுகாயாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஊறுகாய்க்கு மொதல்ல காய் வேணும்ல அண்ணாச்சி, அதுக்குத்தான்" என்றார் இவர்.

நட்டுப் பார்க்க நிலம் தந்தவர் முத்துமாரி. கணவரை இழந்தவர்; பட்டாசுக் கம்பெனியில் வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம் அவருக்கிருந்த தரிசில் சீமைக்கருவேலம் தவிர எதுவும் நிற்கவில்லை. ஷெட் போட ஒரு கம்பெனி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. "தீபாவளி வரைக்கும் பாப்பேன் டீச்சரம்மா. ஒண்ணும் நிக்கலைன்னா குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார்.

குப்பியில் வளர்ந்த கன்றை நிழலில் வைத்து, மெல்ல மெல்லத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும். கன்றுகள் முத்துமாரி கைக்கு வந்த அன்று கோமதி அவர்கள் சூலக்கரையில், காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். டீசல் வரவில்லை, தேநீர் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் ஈரமாகக் கைக்கு வருவதெல்லாம் உடனே வெயிலுக்குப் போக வேண்டும். முத்துமாரியும் தோழிகளும் அதே பொறுப்போடு கன்றுகளை வரிசை பிசகாமல் களத்தில் காயப்போட்டுவிட்டார்கள்.

மாலையில் வந்த கோமதி அவர்கள், வாடிக் கிடந்த கன்றுகளைப் பார்த்துக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஈரமா இருந்துச்சேன்னு..." என்றார் முத்துமாரி. "இனி நெலத்தக் குடுத்துர வேண்டியதுதான்."

"இருங்க. செத்தத எடுத்துப் போடுங்க. மிச்சம் எம்புட்டு இருக்கு?"

ஒரு கைப்பிடி இருந்தது.

"நம்ம வெயிலப் பாத்தும் இதுக சாகல. இனி இதுகள வச்சுத்தான் பொழப்பு."

அந்தக் கைப்பிடியின் நுனிகளிலிருந்துதான் குப்பிகள் மறுபடி நிறைந்தன. ஆய்வுக் கட்டுரையில் அந்தக் காயப்போடுதலுக்குக் 'கடும் வெயில் வழித் தேர்வு' என்று பெயர். உடன் உழைத்தவராக முத்துமாரியின் பெயரைச் சேர்த்தார், துறைத்தலைவர் அடித்தார், இவர் மறுபடி சேர்த்தார்.

தீபாவளிக்குக் கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் நின்றன. நிலம் கேட்டு வந்தவர்களிடம் முத்துமாரி, "அடுத்த தீபாவளிக்கு வாங்க" என்றார். ஆண்டுதோறும் அதையே சொன்னார். காய்ப்பு வந்த பிறகு, ஆளுக்கு ஒரு மாதுளையும் கொடுத்தனுப்பினார்.

அவரை வழியனுப்பக் கூடியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மின்னல் வெட்டியது. மின்னல் என்றால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால் தாயில்பட்டிப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கோமதி அவர்கள் காத்திருந்த மழை, அரசு உதவியைப் போல, ஆள் போன பிறகு வந்தது. மாலைகளை ஒதுக்கிவிட்டு முத்துமாரி அவர் காலடியில் ஒரு கன்றை வைத்தார். யாரோ அதற்கும் சேர்த்துக் குடை பிடித்தார்கள்.

"கொடைய எடுங்க. அது வெயிலப் பாத்துருச்சு. மழையத்தான் இன்னும் பாக்கல" என்றார் முத்துமாரி.

குடை விலகியது. கன்றோடு சேர்ந்து நனைந்தபடியே நாங்களும் அவரை வழியனுப்பினோம்.