நிமிர்ந்து பார்க்காமல் சொன்ன ஓம்

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் சுமந்தே களைத்துப் போனேன்.

இருபத்திரண்டு வயதில் என்னை இணுவில் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையோடு என் வயதுள்ள அவருடைய தங்கையும் வந்திருந்தாள். வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை.

"மச்சாள், நிலத்தையோ கட்டப்போறீர்?" என்று அவள் காதருகே கேட்டாள்.

நிமிர்ந்தேன். அந்தச் சிரித்த முகத்தைக் கண்டதும் உடம்பெல்லாம் சூடேறியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மாப்பிளையைப் பிடிச்சிருக்கோ பிள்ளை?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். அவருடைய முகத்தை நான் பார்க்கவேயில்லை. அவளை அடிக்கடி காணலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கலியாணம் முடிந்து நான்காம் மாதம் அவளும் கலியாணமாகிச் ஸ்டேசனில் சாவகச்சேரிக்குக் கோச்சி ஏறினாள். அடுப்புப் புகையைச் சாட்டி அழுதேன். பிறகு அவருக்குச் சமைத்தேன், தோட்டத்துக்குப் போனேன். மனம் எதிலும் ஒட்டவில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு காலை, கூலியாள் வராததால் புகையிலைக்கு நாங்களே நீர் இறைத்தோம். அவர் கிணற்றுக்கு மேலே நீண்ட துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நான் வாளியைப் பிடித்து ஊற்றினேன். வியர்வை வழிய அவர் மேலே நடப்பதைப் பார்த்தபோது, கோயிலில் ஏறிய அதே சூடு ஏறியது. தண்ணீர் என் காலில் கொட்டுண்டது.

"என்னப்பா, இண்டைக்குத்தானோ என்னைக் கண்டனீர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். பகிடியென்று நினைத்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகும் மச்சாள் வரும்போதெல்லாம் நான் நிலத்தைத்தான் பார்த்தேன். ஒன்று வந்ததால் மற்றது போகவில்லை.

இப்போது இருவரும் இல்லை. அன்று கிணற்றடியில் சொன்னது பகிடியில்லை என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.